லென்ஸ் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

கேமரா வாங்கியாச்சு. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸை மாட்டி ஹாஸ்டல் மொட்டைமாடி, கேன்டீன் டீ கிளாஸ், தூங்கும் நண்பன் எல்லாத்தையும் சுட்டுத் தள்ளியாச்சு. இப்போ ஒரு சீனியர் வந்து, "இது டப்பா லென்ஸ் மச்சி, வேற வாங்கு"ன்னு கொளுத்திப் போட்டிருப்பார். பார்ட் டைம் சம்பளம், அத்தை கொடுத்த தீபாவளிக் காசு எல்லாம் சேர்த்துக் கடைக்குக் கிளம்பும் முன்னால், ஒரு நிஜக் கதை.

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம். பழைய புத்தர், தீர்த்தங்கரர் சிலைகள் இருக்கும் ஊர். அதற்குப் பக்கத்தில்தான் ஸ்ரீபுரந்தான். அங்குள்ள சிவன் கோயிலில் இருந்து சோழர் கால நடராஜர் சிலை களவு போனது. விஷயம் 2008-ல் வெளியே தெரிந்தபோது வழக்குப் பதிவானது விக்கிரமங்கலம் போலீஸ் ஸ்டேஷனில். அதே 2008-ல், சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஆஸ்திரேலியாவின் நேஷனல் கேலரி அந்தச் சிலையை வாங்கியிருந்தது!

'இது எங்க ஊர் சாமி'ன்னு எப்படி நிரூபிப்பது? கைகொடுத்தது பழைய போட்டோ. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் 1994-ல் அதே சிலையைப் படம் எடுத்து, பத்திரமாக வைத்திருந்தார்கள். கேலரி வெளியிட்ட படத்தோடு ஒப்பிட்டதில் அடையாளங்கள் அப்படியே பொருந்தின. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார்.

அந்தப் படம் எந்த லென்ஸில் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. உருவம் தெளிவாக விழுந்திருந்தது, அதுதான் மேட்டர். லென்ஸுக்குக் கொடுக்கும் காசுக்கும் இதே கணக்குதான். எதை எடுக்கப் போறீங்களோ, அதைத் தெளிவாக எடுத்துத் தரும் மலிவான லென்ஸ் எது?

எதை எடுக்கப் போறீங்க?

கோயில், சிற்பமா? சிலை ஆடாது, அசையாது. உங்கள் கிட் லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி (நிக்கானில் வி.ஆர்., கேனானில் ஐ.எஸ்.) இருந்தால், தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்து 1/8 நொடியில்கூட எடுத்துவிடலாம். கங்கைகொண்ட சோழபுரம் சுவர்ச் சிற்பங்களுக்கு இதுவே போதும். செலவு: பூஜ்யம்!

கல்ச்சுரல்ஸ், டான்ஸ், தெருக்கூத்தா? ஆள் நகர்கிறார், வெளிச்சமும் கம்மி. ஆட்டத்தைக் குறைக்கும் வசதி உங்கள் கையைத்தான் காப்பாற்றும், ஆடுபவரின் காலை நிறுத்தாது. இங்கேதான் 50 எம்.எம். எஃப் 1.8 ஹீரோ. கிட் லென்ஸ் 55-ல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கேனானிலும் நிக்கானிலும் மலிவான லென்ஸ் வரிசையில் இதுவும் ஒன்று. ஆனால் சின்ன சென்சார் கேமராவில் 50 என்பது 75, 80 மாதிரி நெருக்கமாகத் தெரியும். ஹாஸ்டல் ரூமில் முதுகு சுவரில் இடிக்கும். உள்ளறையில் ஆட்களை எடுப்பதுதான் அதிகம் என்றால் 35 எம்.எம். எஃப் 1.8 பாருங்க.

பறவையா? அரியலூர் மாவட்டத்திலேயே கரைவெட்டி ஏரி இருக்கு. 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பனிக்காலத்தில் இமயம் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். இதுக்கு 55-250 அல்லது 70-300 வேணும். காலை வெயிலில் எஃப் 5.6 தாராளம். வருஷத்துக்கு ரெண்டு முறைதான் போவீங்கன்னா, பெரிய ஊர்களில் வாடகைக்கே கிடைக்கும்.

கல்லாய்ப்போன உயிரினம், பூச்சி, பூவா? அரியலூர் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட் சுருளை நெருங்கி எடுக்க மேக்ரோ லென்ஸ்தான் வேணும்னு இல்லை. எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்று ஒன்று இருக்கு. உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் வளையம்! கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ள மின் தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்க.

உங்க போட்டோவையே கேளுங்க

இன்னும் குழப்பமா? கடைசியாக எடுத்த 200 படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, எந்த எம்.எம்.-ல் எடுத்தீர்கள் என்று குறித்துக்கொண்டே வாங்க. பாதிக்கு மேல் 55-லேயே முட்டி நின்றால், உங்களுக்கு ஜூம் பசி. 18-லேயே நின்றால் அகல லென்ஸ் பசி. ராத்திரிப் படங்கள் எல்லாம் கலங்கலா? எஃப் 1.8 பக்கம் போங்க.

அப்புறம் ஒரு கணக்கு. 8,000 ரூபாய் லென்ஸை 200 நாள் பயன்படுத்தினால் நாளுக்கு 40 ரூபாய். 40,000 ரூபாய் லென்ஸ் பத்து நாள் மட்டும் பையை விட்டு வெளியே வந்தால், நாளுக்கு 4,000 ரூபாய். எது காஸ்ட்லி?

செகண்ட் ஹேண்டா? டார்ச் எடுங்க!

கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் சாய்ந்துவிட்டதால், டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் பழைய மார்க்கெட்டில் நிறையவே வருது. கையில் வாங்கியதும்:

* ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்க. உள்ளே சிலந்திவலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுத்துடுங்க.
* லென்ஸுக்குள் திறந்து மூடும் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது.
* உங்க கேமராவில் மாட்டி, கிட்டேயும் தூரத்திலேயும் ஆட்டோஃபோகஸ் பிடிக்கிறதா பாருங்க.
* நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏ.எஃப். 50 எம்.எம். 1.8டி மாட்டினால் கையால்தான் திருகணும். ஏ.எஃப்-எஸ் என்று போட்டிருப்பதைக் கேளுங்க.

வாங்கியாச்சா? காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. அரிசி வேண்டாம், தூசி ஏறும்.

கடைசியா ஒரு அசைன்மென்ட்

உங்க ஊரிலும் ஒரு பழைய சிலையோ, கல்வெட்டோ, கேட்பாரற்ற மண்டபமோ இருக்கும். உரியவர்களிடம் அனுமதி கேளுங்க. ஃபிளாஷை அணையுங்க. 18-ல் கிட்டே போய் எடுத்தால் முகம் வீங்கிவிடும். நாலு அடி பின்னால் வந்து, சிலையின் உயரத்துக்குக் குனிந்து, 50 பக்கம் வைத்து நேராக ஒன்று எடுங்க. பிறகு இரு பக்கமும். உடைந்த விரல், தேய்ந்த பீடம் எல்லாம் தனித்தனியா. தேதியும் ஊர்ப்பேரும் எழுதி ரெண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்க.

இதுக்குப் புது லென்ஸ் தேவையில்லை. உங்க 'டப்பா' கிட் லென்ஸே போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீதானே?