வயிற்று உப்புச மருந்தில் 20 மடங்கு குளோரோபார்ம்! பச்சைக் குழந்தையின் உயிர் போனது

பிறந்து சில நாட்களே ஆன ஆண் குழந்தை. வயிற்று உப்புசம். ஓயாத அழுகை. டாக்டர் பெப்பர்மின்ட் தண்ணீர் எழுதிக் கொடுத்தார். நம்ம வீடுகளில் ஓமத் தண்ணீர் கொடுப்போமே, அது மாதிரி சாதாரண மருந்துதான்.

அதைக் குடித்த குழந்தை பிழைக்கவில்லை.

1998-ல் இங்கிலாந்தில், ரன்கார்ன் என்ற ஊரில் நடந்த சம்பவம் இது. எமன் கம்பெனி மருந்தில் வரவில்லை. மருந்துக்கடையிலேயே கலந்து கொடுத்த பாட்டிலில் வந்தான்.

40-ம் 2-ம்

இந்த மருந்தில் குளோரோபார்ம் தண்ணீர் சேர்ப்பது அந்த நாட்டில் பழைய வழக்கம். ருசிக்காகவும், மருந்து கெடாமல் இருக்கவும். ஒரு காலத்தில் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தார்களே, அதே குளோரோபார்ம்தான். துளி அளவு என்றால் தொல்லை இல்லை. கூடிப் போனால் மூச்சையும் இதயத்தையும் அமுக்கி விடும்.

இந்தத் தண்ணீரில் பல ரகம். "டபுள் ஸ்ட்ரெங்த்" என்றால் சாதாரணத்தைப் போல 2 மடங்கு வீரியம். "கான்சென்ட்ரேட்டட்" என்றால் 40 மடங்கு! ஒரு பங்குக்கு 39 பங்கு தண்ணீர் ஊற்றினால்தான் அது சாதாரண நிலைக்கு வரும்.

சேர்க்க வேண்டியது டபுள். சேர்த்தது கான்சென்ட்ரேட்டட். கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 மடங்கு!

இரண்டுக்குமே நிறம் கிடையாது. லேபிளைப் படித்தால்தான் உண்டு.

கோர்ட்டில்...

கலந்தவர் பயிற்சியில் இருந்தவர். மேற்பார்வைக்கு ஒரு பார்மசிஸ்ட் இருந்தார். இருவர் மீதும் சாவுக்குக் காரணமானதாக வழக்குப் பாய்ந்தது. 2000-ம் ஆண்டு செஸ்டர் கோர்ட்டில் அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. குறைபாடுள்ள மருந்தைக் கொடுத்த குற்றத்துக்கு அபராதத்தோடு முடிந்தது.

பழகாத கை தவறத்தான் செய்யும். இன்னொரு கண் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

எடுத்த மருந்தின் பெயர், வீரியம், பாட்ச் நம்பர், அளவு எல்லாவற்றையும் தாளில் எழுத வேண்டும். எடுத்த பாட்டில் மேஜையை விட்டு நகரக் கூடாது. இரண்டாவது ஆள் அந்தப் பாட்டிலையே கையில் எடுத்துப் படித்து, கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். "சரியாத்தான் போட்டேன் சார்" என்று வாயால் சொன்னால் போதாது.

நம்ம ஊரில்?

கம்பவுண்டர் சீசாவில் மிக்சர் ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டாகக் காகிதப் பட்டை ஒட்டிக் கொடுத்த காலம் மலையேறி விட்டது. ஆனால் கலக்குற வேலை போகவில்லை. குழந்தைக்குக் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று இடித்துப் பொட்டலம் கட்டுகிறார்கள். முன்னால் இடித்த மாத்திரையின் தூள் அதே கல்லில் ஒட்டியிருந்தால், அதுவும் சேர்ந்து குழந்தை வயிற்றுக்குள் போகும்.

டாக்டர் சீட்டுக்கு மருந்து கலப்பதென்றால் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கலக்க வேண்டும், அல்லது அவர் கண் எதிரில் நடக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடைப் பையன் கலக்கினால் "பார்மசிஸ்ட் எங்கேப்பா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பவுடராக வரும் ஆன்டிபயாடிக் சிரப்பை "அண்ணே, கலக்கிக் குடுத்துடுங்க" என்று வாங்குகிறோம். கொதித்து ஆறிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், பாட்டிலில் போட்டிருக்கிற கோடு வரை. தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு ஸ்பூனிலும் மருந்து கூடும். அதிகமானால் காய்ச்சல் அடங்காது. குலுக்கியதும் மட்டம் இறங்கும். மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். அவசரத்தில் பல பேர் விடுவது இந்த இரண்டாவது ஊற்றைத்தான்.

கலந்த தேதியை பாட்டில் மேலேயே எழுதி வாங்குங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கும். பல மருந்துக்கு ஒரு வாரம்தான். மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த மாசக் காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.