மைக்ரோ சுவிட்சின் மூணாவது கால்

நெய்வேலியில ஸ்கூல் எக்ஸிபிஷன்னா பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் மாடல் ஒண்ணாவது இருக்கும். சுரங்கத்துல மண்ணை அள்ளற அந்த ராட்சச சக்கரம்தான் நம்ம ஊரோட அடையாளம். என் தம்பியும் தெர்மாகோல்ல ஒண்ணு செஞ்சான். சக்கரத்துல 8 பக்கெட். "எத்தனை பக்கெட் அள்ளுச்சுன்னு டிஸ்பிளேல காட்டணும்ணா"ன்னு கேட்டான். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற அண்ணன் முடியாதுன்னா மானம் போயிடாதா?

ஒவ்வொரு பக்கெட்டும் வந்து தட்டற இடத்துல ஒரு மைக்ரோ சுவிட்ச், பின்னாடி ரெண்டு சிடி4026 ஐசி, ரெண்டு டிஸ்பிளே. கையால 2 சுத்து சுத்தினோம். 16 வரணும். 37 வந்துச்சு. ஐசியை மாத்தினேன், அப்பவும் அதே கதை. மறுநாள் காலையில எக்ஸிபிஷன்.

தப்பு ஐசி மேல இல்ல. சுவிட்சுக்குள்ள இருக்கிறது ஸ்பிரிங் மாதிரி வளையற உலோகத் தகடு. அது இன்னொரு உலோகத்துல மோதினதும் கேரம் காய் மாதிரி துள்ளி, திரும்பத் தொட்டு, மறுபடி துள்ளித்தான் அடங்கும். நம்ம கண்ணுக்கு ஒரு தட்டு, ஐசிக்கு அஞ்சாறு துடிப்பு. ஜாக் கான்ஸ்லேங்கிற பொறியாளர் 18 வகை சுவிட்சை ஆளுக்கு 300 தடவை அழுத்தி அளந்து பார்த்தார். பெரும்பாலானதுல சராசரியா 1.6 மில்லி செகண்ட் துள்ளல், அதிகபட்சம் 6.2. ஆனா ஒரு சுவிட்ச் 157 மில்லி செகண்ட் துள்ளியிருக்கு!

எல்லாரும் சொல்ற வைத்தியம் கெப்பாசிட்டர். 5 வோல்ட்ல இருந்து 10 கே ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபேரட். சுவிட்ச் கெப்பாசிட்டரை நேரா ஷார்ட் பண்ணாம இருக்க, சுவிட்சோட வரிசையா 100 ஓம். வோல்டேஜ் ஏற சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும், அதுக்குள்ள வர்ற துள்ளல் ஐசிக்குத் தெரியாது. சிடி4026 கிளாக் உள்ளீட்டுலயே ஷ்மிட் டிரிகர் இருக்கு. நீங்க 7490 போட்டிருந்தா நடுவுல 74எச்சி14 வேணும்.

என் சுவிட்ச் பழைய பிரிண்டர்ல கழட்டினது, நல்லா தேய்ஞ்சது. 10 மில்லி செகண்ட் பத்தல. கெப்பாசிட்டரை 10 மைக்ரோஃபேரட் ஆக்கினேன். இப்போ மோட்டார்ல வேகமா சுத்தினா பக்கெட்டே விட்டுப்போச்சு. செகண்டுக்கு ஒரு சுத்துன்னா பக்கெட்டுக்கு 125 மில்லி செகண்ட்தான், அதுல 100ஐ கெப்பாசிட்டரே முழுங்கிடுது. (ஆர்டுயினோல 20 மில்லி செகண்ட் காத்திருந்து படிக்கிறவங்களுக்கும் இதே இழுபறிதான்.)

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் சுவிட்சை உத்துப் பார்த்தேன். மூணு கால் இருக்கு. காமன், நார்மலி ஓப்பன் ரெண்டை மட்டும் சோல்டர் பண்ணிட்டு நார்மலி குளோஸ்டை சும்மா விட்டிருக்கேன்!

காமனை கிரவுண்டுல குடுங்க. மத்த ரெண்டு காலையும் ஆளுக்கொரு 10 கே ரெசிஸ்டரால 5 வோல்ட்டுக்கு இழுத்து, சிடி4011ல ரெண்டு நேண்ட் கேட்டுக்கு ஒண்ணொண்ணா குடுங்க. ஒரு கேட்டோட வெளியீடு இன்னொண்ணோட உள்ளீட்டுக்கு, அதேபோல எதிர்ப்பக்கமும். மூணாவது செமஸ்டர்ல வரைஞ்சு மார்க் வாங்கின அதே எஸ்ஆர் லாட்ச்தான். தகடு நார்மலி ஓப்பன் மேல எத்தனை தடவை துள்ளினாலும் எதிர்க்கரையைப் போய்த் தொடறதில்ல, அதனால லாட்ச் அசையாது. நேரக் கணக்கே கிடையாது, தேய்ஞ்ச சுவிட்சும் ஓடும், வேகமா சுத்தினாலும் ஓடும். சிடி4011ல மிச்சமிருக்கிற ரெண்டு கேட்டோட உள்ளீடுகளை அந்தரத்துல விடாம கிரவுண்டுல கட்டிடுங்க.

காலையில நடுவரா வந்த மிஸ் மோட்டாரை நிறுத்தச் சொல்லி, சக்கரத்தைக் கையால மூணு சுத்து சுத்திட்டு டிஸ்பிளேயைப் பார்த்தாங்க. 24.