இசை நூலகங்களில் தானியங்கிக் குறிச்சொல்லிடலும் ஆதார சுருதியும்

முன்னுரை

எண்ணிம இசைத் தொகுப்புகள் பெருகும் நிலையில், ஒவ்வொரு பதிவையும் கேட்டு விவரக்குறிப்பு எழுதுதல் அரிதாகிறது. எனவே ஒலிக்கோப்பைக் கணினியே பகுப்பாய்ந்து சுருதி, வேகம், இசைவகை முதலிய குறிச்சொற்களை இடும் முறை வளர்ந்துள்ளது. இம்முறை தமிழ்நாட்டு இசைப்பதிவுகளுக்குப் பொருந்தும் எல்லையை இக்கட்டுரை விளக்குகிறது.

அக்கூஸ்டிக்பிரெயின்ஸ்

பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழக இசைத் தொழில்நுட்பக் குழுவும் மெட்டாபிரெயின்ஸ் அறக்கட்டளையும் இத்திட்டத்தை 2014இல் தொடங்கின. பங்களிப்போர் தம் கணினியிலேயே எசென்சியா மென்பொருளால் பாடலைப் பகுப்பாய்ந்து, ஒலியை விடுத்துப் பண்பளவுகளை மட்டும் அனுப்பினர். ஆயினும் தரவின் தரம் போதவில்லை எனக் கூறி 2022இல் தரவு திரட்டல் நிறுத்தப்பட்டது. அளவின் பெருக்கம் குறிச்சொல்லின் நம்பகத்தன்மைக்கு ஈடாகாது என்பதே இதன் பாடம்.

ஆதார சுருதி

மேலை இசைக்கென அமைந்த சுருதிக் கணிப்பு, ஒவ்வொரு பாடலையும் 12 மேஜர், 12 மைனர் என்னும் 24 வகைகளுள் ஒன்றில் அடக்குகிறது. கருநாடக இசையிலோ ஆதார சுருதி பாடகரின் குரலுக்கேற்ப மாறும். இராகம் அதனைச் சார்ந்தே அறியப்படும். மோகனத்தின் ரிஷபத்தை ஆதாரமெனக் கணினி தவறாகக் கொண்டால் அதே சுரங்கள் மத்யமாவதியாகும்; காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளமாகும்.

சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்கேற்றது. இடைவிடாது ஒலிக்கும் தம்புராவின் சட்ஜம், பஞ்சமம் ஆகியவற்றின் அதிர்வெண்களைத் துணையாகக் கொண்டு ஆதார சுருதியைக் காணும் வழிமுறைகள் உருவாக்கப்பட்டன. எனினும் ஆரபி, தேவகாந்தாரி ஆகியவற்றின் ஆரோகண அவரோகணங்கள் ஒன்றே. பிடிப்புகளும் கமகங்களுமே அவற்றை வேறுபடுத்தும். ஆகவே சுரங்களின் எண்ணிக்கைப் பரவல் மட்டும் இராகப் பெயரிடப் போதாது.

நாட்டார் பாடல்கள்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை போன்ற ஊர்களில் தாலாட்டோ ஒப்பாரியோ பதிவு செய்யப்படும்போது தம்புரா ஒலிப்பதில்லை. துணைக்கருவியின்றிப் பாடுகையில் குரலின் சுருதி சிறிது சிறிதாக நகரவும் கூடும். தம்புராவை நம்பிய கணிப்பு இங்குப் பற்றுக்கோடு இழக்கிறது. அதன் விடையைச் சரிபார்க்காமல் பட்டியலில் ஏற்றினால், பின்வரும் ஆய்வாளர் அதனைக் களச்சான்றாகவே கொள்வர்.

முடிவுரை

பாடியவர் இசைவு, ஊர், பாடற்சூழல், பாடல்வகை ஆகியவற்றைச் சேகரிப்பாளரே களத்தில் பதிதல் வேண்டும். கணினி இட்ட குறிச்சொல், மனிதர் இட்ட குறிப்பினின்று வேறுபடுத்திக் காட்டப்பட வேண்டும். ஆதார சுருதி உறுதிப்படாத பதிவில் இராகப் புலத்தை வெற்றிடமாக விடுதலே நூலக நெறிக்கு ஏற்றது.