பென்சில் கையொப்பத்தின் பெறுமதி

காசோலை, கடன்சீட்டு, காணி உறுதி எதுவானாலும் பேனையால்தான் ஒப்பமிட வேண்டும். பென்சிலால் ஒப்பமிட்ட கடதாசியை எந்த வியாபாரியும் கையில் எடுக்கமாட்டார். ஆனால் ஓவியப் பிரதிகளின் சந்தையில் நிலைமை நேர்மாறானது. அங்கே படத்தின் கீழ் ஓரத்தில் கலைஞர் பென்சிலால் இட்ட ஒப்பமே பொருளின் பெறுமதியைக் கூட்டுகிறது. அறபு எழுத்தணியோ, வாவிக் காட்சியோ வரைந்து, அச்சிட்டு விற்க நினைக்கும் நமது இளைஞர்களும், அவற்றுக்குப் பிரேம் போட்டு விற்கும் கடைக்காரர்களும் இதன் காரணத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது.

வழக்கம் வந்த விதம்

முற்காலத்தில் கலைஞரின் பெயர் அச்சுத் தகட்டிலேயே செதுக்கப்பட்டிருக்கும். ஆயிரம் பிரதி அடித்தால் ஆயிரத்திலும் அதே பெயர் விழும். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாய்ப் பகுதியில் அச்சகம் நிறுவி, தமது ஓவியங்களைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தார். அப்படங்களில் காணும் பெயரும் அச்சில் விழுந்ததே. தாள் தாளாக அவர் எழுதியதல்ல.

1880களில் இங்கிலாந்தில் விஸ்லர், செய்மூர் ஹேடன் போன்ற கலைஞர்கள் ஒவ்வொரு பிரதியையும் தாமே பார்த்து, திருப்தி கண்ட பின் ஓரத்தில் பென்சிலால் ஒப்பமிடலானார்கள். பின்னர் எண்ணிடும் வழக்கமும் சேர்ந்தது. 7/50 என்றால் மொத்தம் 50 பிரதிகள், இது ஏழாவது என்பது பொருள். 51ஆவது பிரதி வராது என்ற வாக்குறுதிக்கே வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கிறார்.

அழிந்துவிடாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பென்சிலின் கரி, அதாவது காரீயம், தூய கார்பன் வகையைச் சேர்ந்தது. வெயிலில் மங்காது, ஈரத்தில் கரையாது. சாதாரண பேனை மையில் இருப்பது சாயம். அது வெளிச்சத்தில் வெளிறும், ஈரம் பட்டால் பரவும். குமிழ்முனைப் பேனையின் எண்ணெய்ப் பசை காலப்போக்கில் கடதாசியில் ஊறும். உப்புக் காற்றும் மாரி ஈரமும் உள்ள நமது வாவிக்கரை ஊர்களில் இந்த வித்தியாசம் பெரியது.

பென்சிலை அழிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பருத்தி நார்க் கடதாசியில் பென்சில் முனை சிறு பள்ளத்தை உண்டாக்கி, கரியை நார்களுக்குள் அழுத்திவிடுகிறது. அழிறப்பரால் தேய்த்தாலும் அந்தத் தடம் எஞ்சும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலும், பேனை ஒப்பத்தை இயந்திரத்தால் இலகுவாகப் பிரதி செய்யலாம். பென்சில் கரியின் சாம்பல் மினுக்கமும் முனை அழுந்திய தடமும் சாதாரண அச்சில் வராது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்த ஒப்பமும் அச்சிடப்பட்டதே.

எந்தப் பென்சில்?

கரியோடு களிமண் கலந்து சுடும் முறையை 1795இல் பிரான்ஸின் கொன்டே கண்டறிந்தார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், அது எச் வகை. கரி கூடினால் மென்மையும் கறுப்பும் கூடும், அது பி வகை. எச்பி இரண்டுக்கும் நடுவிலுள்ளது.

ஒப்பமிடுவதற்கு எச்பி முதல் 2பி வரை பொருத்தமானவை. 2எச், 4எச் கடதாசியைக் கீறும், எழுத்தும் மங்கலாகத் தெரியும். 6பி, 8பி கை பட்டால் ஈஷும். பேபர்-காஸ்டல் 9000, ஸ்டெட்லர் லூமோகிராப் போன்றவை தரம் பிரித்துக் கிடைக்கின்றன. நல்ல எச்பி பாடசாலைப் பென்சிலும் போதும்.

ஈரம் பட்டால் ஊதா நிறமாகும் பழைய அழியாப் பென்சிலைத் தொடவே கூடாது. அதில் இருப்பது சாயம். வர்ணப் பென்சில்களில் பல வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை. பளபளப்பான போட்டோக் கடதாசியிலும் கன்வஸ் துணியிலும் பென்சில் சரியாகப் பிடிக்காது. அவற்றுக்கு மட்டும் சாயம் இல்லாத, நிறமித்துகள் மைப் பேனையைப் பாவிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

1. அச்சு மை நன்றாகக் காய்ந்த பின்பே ஒப்பமிட வேண்டும்.

2. தாள்களை அடுக்கி வைத்து எழுதினால் அடுத்த தாளிலும் தடம் விழும். ஒவ்வொன்றாக, சமமான கடினப் பலகையில் வைத்து எழுதுங்கள். உள்ளங்கைக்குக் கீழே சுத்தமான தாளொன்று இருக்கட்டும்.

3. ஊசிபோல் சீவிய முனை கடதாசியைக் குத்தும். சீவிய பின் வேறொரு தாளில் சிறிது தேய்த்துக்கொள்ளுங்கள்.

4. இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் ஒப்பம் என்பது பொது வழக்கம்.

5. எழுத்தணிக் கலைஞர்கள் ஆக்கத்தினுள்ளே 'கதபஹு', அதாவது இதை எழுதியவர் என்று குறித்துப் பெயரிடுவர். பிரதியில் அதுவும் அச்சாகிவிடும். எனவே கீழ் ஓரத்தில் தனியாக ஒப்பம் தேவை.

6. பிரேம் போடும் சகோதரர்கள் அளவு பொருந்தவில்லை என்று கீழ் ஓரத்தை வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் போவது வெறும் கடதாசி அல்ல, பொருளின் பெறுமதி.

ஒப்பத்தின் பின்னால் உள்ள அமானிதம்

எவ்வளவு நல்ல பென்சிலும் நேர்மைக்கு ஈடாகாது. 1974இல் அந்தோராவுக்குச் சென்ற லொறியொன்றைப் பிரான்ஸ் சுங்க அதிகாரிகள் மறித்தபோது, ஓவியர் சல்வடோர் டாலி ஒப்பமிட்ட சுமார் 40,000 வெற்றுத் தாள்கள் அகப்பட்டன. படம் அச்சாகும் முன்பே ஒப்பம்! வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதன் பின் அவரது பிற்காலப் பிரதிகள் எல்லாவற்றையும் சந்தை சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்கியது. உண்மையான பிரதியை வாங்கியவரும் நட்டமடைந்தார்.

50 என்று எழுதிவிட்டு 60 அடிப்பது அளவையில் குறைப்பதற்கு ஒப்பானது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சி வைக்குமாறும் சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் கட்டளையிடுகிறது. அந்த ஒழுங்கை இத்தொழிலிலும் கைக்கொள்ளுங்கள். எத்தனை பிரதி, எந்தத் திகதி, எந்த எண் யாருக்கு விற்றது என்று ஒரு கொப்பியில் பதியுங்கள். வாங்குபவருக்கு அதே விபரத்துடன் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். இந்தப் பதிவுகளைப் பேனையால் எழுதுங்கள். படத்தில் மட்டும் பென்சில் பிடியுங்கள்.

பென்சிலுக்கான கரி நமது நாட்டுக்குப் புதிதல்ல. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது. தரமான பென்சில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதைக் கொண்டு எழுதும் பெயருக்கு மதிப்பு நிலைத்திருப்பது எழுதுபவரின் நாணயத்தில்தான் தங்கியிருக்கிறது. நமது பிள்ளைகளின் கலை ஹலாலான வருமானமாக மலர அல்லாஹ் அருள்புரிவானாக.