கம்மாய் கொச்சையா?

"ஏரி என்று சொல்லத் தெரியாதா? கம்மாயாம், கம்மாய்!" என்று மதுரைத் தோழரைச் சிலர் கேலி பேச நாம் கேட்டதுண்டு. படித்தவர்கள்தாம்! சொல்லின் பிறப்பை அறிந்தா பேசுகிறார்கள்?

கண் என்றால் துளை. வாய் என்றால் வழி. நீர் வெளியேறும் திறப்பு கண்வாய். வகரம் மகரமாகிக் கண்மாய். உழவன் நாவில் கம்மாய். திறப்பின் பெயரே நீர்நிலை முழுமைக்கும் ஆயிற்று என்பது நம் கருத்து. ஏன் ஆகாது? கரையில் நின்று அலையைப் பார்ப்பவனுக்கு அது ஏரி. பயிர் வாடுகிறவனுக்கோ மடை திறக்கவேண்டும்! மண்வெட்டியோடு இரவெல்லாம் மடையடியில் காத்துக் கிடந்தவன் வைத்த பெயர் இது.

கோச்சடைக்குப் பக்கத்தில் மாடக்குளம். பெயரிலேயே குளம் இருக்கிறது. இருந்தும் 'மாடக்குளம் கம்மாய்' என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். குளம் ஊர்ப்பெயராகிவிட்டது, தண்ணீரைச் சொல்லக் கம்மாய் வேண்டியிருக்கிறது.

பாண்டியர் கல்வெட்டுகளில் நம் நகரின் பெயர் என்ன தெரியுமா? 'மாடக்குளக்கீழ் மதுரை'. அதாவது மாடக்குளத்து நீர் பாயும் நிலப்பகுதியைச் சேர்ந்த மதுரை. கோபுரத்தைச் சொல்லி அல்ல தோழர்களே, குளத்தைச் சொல்லி ஊரை அடையாளம் காட்டினார்கள்!

அந்தக் 'கீழ்' நிலம் இன்று எங்கே? கோச்சடையிலும் பொன்மேனியிலும் நெல் விளைந்த நஞ்சைகள் தெருக்களாகிவிட்டன. பேருந்துக்கு நிற்கும் தொழிலாளியின் வாயில் கம்மாய் என்ற சொல் இன்னும் இருக்கிறது. அதைத்தான் ஏரி என்று திருத்தச் சொல்கிறார்கள்.