சிவப்புப் பூசிய அடிபம்புகள்

போபாலின் பழைய யூனியன் கார்பைடு ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பல அடிபம்புகளுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். 'குடிக்காதே' என்று அரசு வைத்த அடையாளம். குழாய்த் தண்ணீர் எட்டிப் பார்க்காத தெருவில் பெயின்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் உலை கொதிக்குமா? அதே பம்பில்தான் குடத்தை வைத்தார்கள்.

விஷவாயுவுக்கு முன்பே

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் இந்த ஆலையிலிருந்து விஷவாயு கசிந்ததை உலகமே அறியும். தண்ணீரின் கதை அதற்கும் முந்தியது. 1969-ல் தொடங்கிய பூச்சிக்கொல்லி ஆலை, கழிவை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டியது. 1977-ல் பிளாஸ்டிக் விரித்து, கழிவுநீரை வெயிலில் வற்றவைக்கும் குளங்களும் வந்தன. 1982-லேயே அவை ஒழுகின. ஆலை மூடிய பிறகு ஒவ்வொரு மழையும், ஃபில்டரில் டிகாஷன் இறங்குவதுபோல, நஞ்சை நிலத்தடிக்கு இறக்கியது.

நாக்குக்குத் தெரியாத நஞ்சு

1999-ல் கிரீன்பீஸ் நடத்திய ஆய்வில் கிணற்று நீரில் கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம் போன்றவை கிடைத்தன. கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். நாளடைவில் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் 4 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை எந்த நாக்கும் கண்டுபிடிக்காது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

காய்ச்சிக் குடித்தால்?

நம் வீடுகளில் எல்லாத் தண்ணீருக்கும் ஒரே வைத்தியம், காய்ச்சுவது. கிருமிக்கு அது சரி. ஈயம் கலந்த நீரைச் சுண்டக் காய்ச்சினாலோ அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குளோரோஃபார்ம் ஆவியாகிப் போகும். போவது அடுப்படிக் காற்றுக்குள், சமைப்பவரின் மூச்சுக்குள். கார்பன் வடிகட்டி குளோரோஃபார்ம் போன்ற ரசாயனங்களைப் பிடித்துவைக்கும், ஆனால் நிரம்பிவிட்டால் அதுவும் வெறும் டப்பாதான். மாற்றுக் குடிநீர் கொடுப்பதே உருப்படியான வழி.

அதைத்தான் 2004-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழாய்கள் சாவகாசமாக வந்தன.

337 டன்னும் மிச்சமும்

2025 ஜனவரியில் 12 கன்டெய்னர் லாரிகள் ஆலையின் 337 டன் கழிவைப் பிதாம்பூருக்கு ஏற்றிச் சென்றன. அந்த ஆண்டின் நடுவில் எரித்து முடித்தார்கள். சேகரித்துக் கிடங்கில் வைத்திருந்த கழிவு மட்டும்தான் அது. ஆலை வளாகத்தில் நஞ்சேறிய மண் சுமார் 11 லட்சம் டன் என்று நீரி, என்.ஜி.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனங்கள் 2010-ல் மதிப்பிட்டிருந்தன. அதை எந்த லாரியும் ஏற்றவில்லை.