நள்ளிரவில் லேப்டாப் ஏன் திணறுது?

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தப்போ எல்லாம் நல்லாத்தான் ஓடிச்சு. பன்னிரண்டரைக்கு மவுஸை நகர்த்தினாலே கர்சர் விட்டு விட்டு வருது. ப்ரௌசரில் முப்பது டேப், ஒரு மொபைல் எமுலேட்டர், கோடு எடிட்டர், ரிப்போர்ட், பின்னணியில் பாட்டு. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சேன். சேவ் பண்ணாத நாலு பக்கமும் கூடவே போச்சு.

"லேப்டாப் பழசாயிடுச்சு, புதுசு வேணும்"னு வீட்டில் கேட்டுடலாம்னு நினைச்சேன். நல்லவேளை, கேட்கலை. அடுத்த வாரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுக்கிட்டே வேலை பார்த்தேன். மெமரி 94%, டிஸ்க் 100%. ஆனா ப்ராசஸர் வெறும் 20% தான்!

காரணம் இதுதான். ரேம் என்பது நம்ம படிக்கிற மேஜை மாதிரி. மேஜை நிறைஞ்சதும், இப்போ தேவைப்படாத புத்தகங்களை ஓ.எஸ். கீழ்த்தளத்து அலமாரிக்கு, அதாவது டிஸ்க்குக்கு, அனுப்பிடும். திரும்பக் கேட்டால் எடுத்து வரணும். ரேமில் இருந்து தரவு வர சுமார் 100 நானோ செகண்ட் ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இருந்து வர சுமார் 10 மில்லி செகண்ட், அதாவது லட்சம் மடங்கு! மேஜை ரொம்பச் சின்னதா இருந்தா படிக்கிறதை விட படி ஏறி இறங்குறதே வேலையாப் போயிடும். ப்ராசஸர் சும்மா காத்திருக்கும். ஓ.எஸ். பேப்பரில் இரண்டு மார்க்குக்கு எழுதுறோமே 'த்ராஷிங்', அதுதான் இது. பீட்டர் டென்னிங் 1968-லேயே இதன் காரணத்தை விளக்கி எழுதியிருக்கிறார்.

சரி, உங்க லேப்டாப்புக்கு என்ன வியாதி? திணறும்போதே கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்திப் பாருங்க.

1. மெமரி 90 சதவீதத்துக்கு மேல, டிஸ்க்கும் முட்டி நிற்குது: ரேம் பற்றாக்குறை. மெமரி காலத்தை க்ளிக் பண்ணினா பெருந்தீனிக்காரன் மேலே வருவான். தேவையில்லாத டேப்களை புக்மார்க் பண்ணிட்டு மூடுங்க. குரோமில் 'மெமரி சேவர்' ஆன் பண்ணலாம்.

2. ஒரே ப்ரோகிராம் மணிக்கு மணி வீங்கிட்டே போகுது, நீங்க புதுசா எதையும் திறக்கலை: மெமரி லீக்கா இருக்கலாம். அந்த ப்ரோகிராமை மட்டும் மூடித் திறந்தா போதும்.

3. மெமரி தாராளமா இருக்கு, ஆனா வேலை நேரத்தில் ப்ராசஸரின் வேகம் 'பேஸ் ஸ்பீடு'க்குக் கீழே இறங்குது: பெரும்பாலும் சூடுதான். மெத்தை மேல வச்சிருந்தா முதலில் மேஜைக்கு மாத்துங்க. காத்துத் துளைகளில் அடைஞ்ச தூசியைச் சுத்தம் பண்ணுங்க.

இன்னொரு விஷயம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன்ல இருந்தா, ஷட்டவுன் பண்ணினாலும் கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். முழுசா புதுசாத் தொடங்கணும்னா ரீஸ்டார்ட்தான் கொடுக்கணும். 'ரேம் பூஸ்டர்' வகையறாக்களை நம்பாதீங்க. பல பூஸ்டர்கள் மேஜையில் இருக்கிறதை அலமாரிக்குத் தள்ளி கணக்கு காட்டும். அடுத்த நிமிஷம் எல்லாத்தையும் திரும்ப எடுத்து வரணும்.

இதெல்லாம் பண்ணியும் தீரலைன்னா மட்டும் செலவு பண்ணுங்க. ஹார்டு டிஸ்க் இருந்தா எஸ்.எஸ்.டி., 8 ஜிபி ரேம் இருந்தா 16. வாங்கும் முன் ரேம் ஸ்லாட் இருக்கான்னு பாருங்க. சில மாடல்களில் ரேம் போர்டோடவே சால்டர் பண்ணியிருக்கும்.

நான் ஒரு பைசா செலவு பண்ணலை. எமுலேட்டருக்குப் பதிலா என் போனையே கேபிளில் இணைச்சு டெஸ்ட் பண்றேன். டேப் பத்தைத் தாண்டாது. அடுத்த ரிவ்யூவுக்கு அதே லேப்டாப் விடியற வரைக்கும் தாங்குச்சு. இருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கன்ட்ரோல் + எஸ். பட்ட பாடு அப்படி!